நாய் படுத்த இடங்கள்

வெறுங்காலோடு தெரு நடுவில் நிற்கிறாள் மோத்ரியா. கண்கள் மூடியிருக்கின்றன. வலது பாதத்தை வைத்து, அழுத்தி, எடுத்து, அரைச் சாண் தள்ளி மறுபடி வைக்கிறாள்.

"இங்க இறங்குது."

நான் ஒரு குச்சியை நடுகிறேன். கண்ணிவெடி எடுத்தாயிற்று என்று எச்சரிக்கை நாடாவை அவிழ்த்த தெருக்களில் மட்டும்தான் இந்த நடை.

தண்ணீர்க் குழாய்களின் வரைபடம் ஊராட்சி அலுவலகத்தோடு எரிந்துபோனது. எட்டு மாதம் ஊரைப் பிடித்து வைத்திருந்த பட்டாளம் கிளம்பிய அன்று வைத்த தீ. தோண்டி மூடிய மண் எத்தனை வருடமானாலும் காலுக்குச் சற்றுப் பள்ளமாகத்தான் தெரியும் என்கிறாள், பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தரை துடைத்த மோத்ரியா. மீதிக்கு வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி.

"தண்ணி ஓடின காலத்துல, வெயிலுக்கு உங்க நாய் எங்க படுக்கும்?"

குழாய்க்கு மேலே மண் குளிர்ந்திருக்கும். நாய்களுக்கு அது தெரியும்.

"என் புருஷன் படுத்த இடத்தையும் குறிச்சுக்கடி, அவரும் அங்கருந்து நகர மாட்டாரு" என்றாள் பக்கத்து வீட்டுப் பரஸ்கா. கிழவர் ஒமெல்கோ ஆப்ரிகாட் மரத்தடிக்கு நடந்து காலால் தட்டிக் காட்டினார். "நாயைச் சுட்டுட்டாங்க. இடம் இருக்கு."

மாலையில், சுவருக்கு ஒட்டுகிற பூத்தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் வரைகிறாள் மோத்ரியா. நீலக் கோடுகள், கோட்டுக்குக் கோடு சுருண்டு படுத்த ஒரு நாய். பார்த்துக்கொண்டே இருந்தால் காலுக்கடியில் நீர் போகிற சத்தம் கேட்கிறது. ஊர் மெல்ல மிதக்கிறது.

திங்கட்கிழமை கெர்சோன் நகரத்திலிருந்து பொறியாளர்கள் வருகிறார்கள். வரைபடம் முழுதாக இருந்தால் புதுக் குழாய் எங்களுக்கு. இல்லாவிட்டால் அடுத்த ஊருக்கு. பெரிய வால்வு மட்டும் அகப்படவில்லை. ஐந்து குழி தோண்டியாயிற்று.

அது இருக்கும் இடம் ஒருவனுக்குத் தெரியும். ஊருக்குத் தண்ணீர் மோட்டார் போடுகிற யுஹிம், மோத்ரியாவின் சொந்தத் தம்பி. பட்டாளம் இருந்தபோதும் அவன்தான் மோட்டார் போட்டான். நீதிமன்றம் விட்டுவிட்டது. தெரு விடவில்லை. அவளும் ஒன்றரை வருடமாக அவனோடு பேசவில்லை.

"நாமளும் அந்தத் தண்ணியத்தானடி குடிச்சோம். போய்க் கேளேன்" என்றாள் பரஸ்கா.

"கேக்க மாட்டேன். கால் சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை நண்பகல்வரை கால் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அவன் வீட்டுப் படலுக்கு முன்னால் போய் நின்றாள். யுஹிம் ரப்பர் பூட்ஸோடு வெளியே வந்தான்.

"எல்லார் வீட்டு நாயையும் விசாரிச்சியாமே, அக்கா."

"உனக்கு ஏது நாய்."

"இல்லதான்."

சூரியகாந்திக் கொல்லையிலிருந்து காற்று வந்து போயிற்று. மோத்ரியா என் கையில் மிச்சமிருந்த குச்சியை வாங்கிப் படலுக்கு மேலாக நீட்டினாள்.

அவன் அதை வாங்கிக்கொண்டான். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றத் தொடங்கினான்.