பிடித்தவரைக் குறை சொல்லக் கூடாது

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சரி சரி, முறைக்காதீர்கள், இரண்டு மூன்று இடத்தில் கொஞ்சம் காற்றடித்திருக்கிறேன். அந்தக் காற்றை நீங்களே பிடுங்கிவிட்டுக் கேளுங்கள், உள்ளே இருப்பது சுத்தமான உண்மை. ஆஸ்பத்திரி சலவை அறையில், போர்வை மூட்டை மேல் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் மூன்று பேரிடம் பொய் சொல்லி எனக்கு என்ன பதவி உயர்வா வரப்போகிறது?

நம் கேட்டில் நின்றாரே பீரங்கி, அவர் கதைதான்.

கேட்டுக்கு வருவதற்கு முன்னால் அந்த மனுஷன் செய்யாத வேலை இல்லை. ஐஸ் கட்டி சுமந்தார், லாரி கழுவினார், சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தார். கடைசியில் ஆஸ்பத்திரி கேட்டில் வந்து நின்றவர் பத்தொன்பது வருஷம் நகரவில்லை. பீரங்கி என்று பெயர் வந்தது தொண்டையால். "பார்வையாளர் நேரம் முடிஞ்சிடுச்சு!" என்று அவர் ஒரு சத்தம் விட்டால், மயக்க ஊசி போட்டுப் படுத்திருக்கும் நோயாளிகூட எழுந்து செருப்பைத் தேடுவார். விபத்துக் கேஸ் வந்தால் பின்னாடியே இருநூறு பேர் வந்து கேட்டை நெட்டுவார்கள். இவர் இரண்டு கையையும் நீட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், ஸ்ட்ரெச்சர் மட்டும்தான் உள்ளே போகும். இருநூறு என்பதில் நூற்றெழுபது என் கணக்கு. மீதி முப்பது பேர் நிஜம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் தன் மனைவியின் தம்பியையும் அதே கேட்டில் சேர்த்துவிட்டார். மாமாவும் மச்சினனும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து நிற்பார்கள். ஒருத்தர் டோக்கன் பார்ப்பார், மற்றவர் பையைப் பார்ப்பார்.

இந்த வருஷம் காவல் கம்பெனி ஒரு காகிதத்தை ஒட்டியது. கேமரா வருகிறது, அதனால் ஒரு கேட்டுக்கு ஒரு ஆள் போதும். தற்காப்புக் கலையில் பச்சை பெல்ட் வாங்குகிறவர் வேலையில் இருக்கலாம். இரண்டு பேரும் வாங்கினால் மூத்தவர் இருப்பார். இரண்டு பேருமே வாங்காவிட்டால், அடுத்த தேர்வு வரைக்கும் மூன்று மாசம் இரண்டு பேரும் தொடரலாம்.

பீரங்கிக்கு வயது ஐம்பத்துமூன்று. முட்டி இரண்டும் எண்ணெய் காணாத கீல் மாதிரி கத்தும். முன்னெச்சரிக்கையாக ஆறு இடத்தில் வேலை கேட்டுப் பார்த்தார். துணிக்கடை, பள்ளிக்கூடம், குடோன் என்று எங்கே போனாலும் முதல் கேள்வி "வயசென்ன?" இரண்டாவது கேள்வி என்னவென்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் மனைவி தீர்ப்பே எழுதிவிட்டார்.

"பச்சை பெல்ட் இல்லாம வீட்டு வாசப்படி ஏறாதீங்க."

"சரிம்மா."

"உங்களால என் தம்பி வேலை போச்சுன்னாலும் ஏறாதீங்க."

"அப்ப நான் எங்கதான்டி ஏறட்டும்? மொட்டை மாடியிலயா?"

"நம்ம வீட்டுக்கு ஏது மொட்டை மாடி?" என்று கேட்டுவிட்டு அந்தம்மா அழுதார். அழுகைக்குக் காரணம் மாடி இல்லாதது இல்லை என்று இவருக்கும் தெரியும்.

வகுப்பு நடந்தது ஒரு டயர் கடைக்கு மேலே, நீளமான ஹாலில். ரப்பர் வாடை மூக்கில் புகுந்தால் மூன்று நாள் குடியிருக்கும். சொல்லிக்கொடுத்த மாஸ்டர் முப்பது வயதுப் பெண், விளக்குமாற்றுக் குச்சி மாதிரி உடம்பு. அந்தக் குச்சி ஓர் உதை விட்டால் மணல் மூட்டை மன்னிப்புக் கேட்கும். மாணவர்கள் எல்லாரும் இடுப்பு உயரப் பிள்ளைகள். நடுவே இரண்டு தடி ஆட்கள், வெள்ளை உடுப்பில், உறை போட்ட இரண்டு தலையணை மாதிரி நின்றார்கள். நாலு மாசம் பழகினார்கள்.

பலகை உடைக்கிற சட்டம் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. உடைப்பதைவிட அந்தச் சட்டத்தைப் படிப்பதுதான் கஷ்டம். உடைப்பவர் முதலில் மாஸ்டருக்குக் குனிய வேண்டும், அப்புறம் பலகை பிடிப்பவருக்குக் குனிய வேண்டும். மரத்தின் ரேகை மேலிருந்து கீழாக நிற்க, பிடிப்பவர் இரண்டு ஓரத்திலும் பிடிக்க வேண்டும். ரேகையை மாற்றிப் பிடித்தால் பலகை பிழைத்துக்கொள்ளும், கைதான் உடையும். பிடிப்பவர் ஒரு காலை முன்னே வைத்து, முழங்கையைப் பூட்டி, சிலாம்பு கண்ணில் படாமல் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். தள்ளவும் கூடாது, பின்வாங்கவும் கூடாது. அடிப்பவருக்கு மூன்று வாய்ப்பு. உடைந்தாலும் உடையாவிட்டாலும் பிடித்தவருக்குக் குனிந்து நன்றி சொல்ல வேண்டும். பிடித்தவரைக் குறை சொல்லக் கூடாது. சொன்னால் அந்த நிமிஷமே தோல்வி.

பெரியவர்களுக்குப் பெரியவர்தான் பிடிக்க வேண்டுமாம். ஹாலில் இருந்த பெரியவர் இரண்டே பேர். மாமாவுக்கு மச்சினன், மச்சினனுக்கு மாமா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேர்வு. உதை, தடுப்பு, விழுந்து எழுவது எல்லாம் இரண்டு பேருக்கும் தேறிவிட்டது. மிச்சம் இருந்தது பலகை.

மாமா முதலில். குனிந்தார். உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் இரண்டு தரம் தொட்டு அளந்தார். அப்புறம் ஒரு சத்தம் விட்டார், கீழே டயர்களில் காற்று இறங்கியிருக்கும். அடி விழுந்தது. பலகை அப்படியே இருந்தது.

ஆனால் அந்தக் கைக்கு ஒன்று தெரிந்தது. பத்தொன்பது வருஷம் கேட்டைத் தொட்ட கை அது. பூட்டிய கதவு எது, சும்மா சாத்தி வைத்த கதவு எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லும். இது சாத்தி வைத்த கதவு. அடி பட்ட நொடியில் பலகை பின்னால் போய்விட்டு, நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தது.

"மாப்ளே, கையை நல்லா நீட்டிக்கோ."

"நீட்டித்தான் மாமா இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல நீட்டினா கை கழண்டு உங்க கையில வந்துடும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. "பிடிக்கிறவர நிறுத்தி வைக்கிறது உங்க உரிமை. அதுக்கு மேல பேசக் கூடாது" என்றார்.

இரண்டாவது அடி. இந்தத் தடவை கண்ணாலேயே பார்த்தார். முழங்கை மடங்கியது. இரண்டு விரல் அளவு, அவ்வளவுதான். வாயைத் திறந்துவிட்டார்.

"என்ன?" என்றார் மாஸ்டர்.

சொன்னால் தோல்வி. சொல்லாவிட்டாலும் தோல்விதான் வந்துகொண்டிருந்தது. மச்சினன் முகத்தைப் பார்த்தாலாவது ஏதாவது தெரியும், அதுவும் சட்டப்படி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. பயந்து மடக்குகிறானா, வேண்டுமென்றே மடக்குகிறானா? காதும் கொஞ்சம் பிடரியும்தான் தெரிந்தது. காதைப் பார்த்து ஒருத்தன் மனதைப் படிக்க யாரால் முடியும்?

"ஒண்ணுமில்ல மாஸ்டர்."

உள்ளங்கை அதற்குள் பன் மாதிரி உப்பிவிட்டது. தொட்டு அளக்கும்போதே உயிர் போனது. ஆறு இடங்களில் கேட்ட "வயசென்ன?" ஆறும் ஒரே குரலாகக் காதில் கேட்டது. மாடியில்லாத வீடு, அழுத மனைவி, காலையில் போட்டுக்கொள்ள ஒரு சட்டையும் போய் நிற்க ஓர் இடமும் இல்லாத திங்கட்கிழமை, எல்லாவற்றையும் அந்தக் கையில் கொண்டுவந்து வைத்து அடித்தார்.

உடையவில்லை.

பீரங்கி வலது கையை இடது அக்குளில் செருகிக்கொண்டு நின்றார். மாஸ்டர் மெதுவாகச் சொன்னார், "நன்றி சொல்லணும்."

குனிந்தார். நிமிர ரொம்ப நேரம் ஆனது. "நல்லாப் பிடிச்ச மாப்ளே. நன்றி" என்றார். ஊரையே எழுப்பும் தொண்டையிலிருந்து அது கொசு மாதிரி வந்தது.

"பரவால்ல மாமா" என்றான் மச்சினன், தரையைப் பார்த்து.

அடுத்தது மச்சினன் முறை. புதுப் பலகை. பிடிப்பவர் மாமா.

பீரங்கியை உத்தமர் என்று நான் சொல்லவே இல்லை. பலகையைக் கையில் வாங்கும்போதே அவர் முடிவு பண்ணிவிட்டார். இவனும் தோற்றால் மூன்று மாசம் கிடைக்கும். இரண்டு விரல் மடக்கினால் போதும். யாரும் கேட்க முடியாது, கேட்டால் கேட்கிறவன் தோல்வி. மூன்று மாசத்தில் கை ஆறும், இன்னொரு தரம் அடிக்கலாம். இரண்டு விரல்தானே? அவன் எனக்குச் செய்தது அதுதானே?

மச்சினன் வந்து குனிந்தான். முகம் சுண்ணாம்பாக இருந்தது. மற்றவர் காதில் விழாமல், "மாமா, ஆடாம பிடிங்க" என்றான்.

மாமா பலகையை உயர்த்திப் பிடித்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மடக்கு, மடக்கு, மடக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தம் கேட்டது, அடி வந்தது.

மனசு சொன்னது முழங்கைக்குப் போய்ச் சேரவே இல்லை. எதிரிலிருந்து நெட்டு விழுந்தால் பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஒரே பாடத்தை அந்தக் கைகள் படித்திருந்தன. பூட்டிக்கொண்டன. பட்டென்று பலகை இரண்டானது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பீரங்கி கைக்கொரு பாதிப் பலகையோடு நின்று, தன் முழங்கைகளையே யாரோ அடுத்த வீட்டுக்காரர்களைப் பார்ப்பதுபோல மாறி மாறிப் பார்த்தார்.

உடைந்த துண்டைப் பிடித்தவர்தான் உடைத்தவருக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தார்.

"மாமா..." என்றான் மச்சினன்.

"ரெண்டு கையாலயும் வாங்குடா. ரூல்."

"மாமா, நான் வந்து..."

"வாங்கு."

மாசக் கடைசியில் விசிலையும் வருகைப் பதிவு நோட்டையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். மச்சினன் அன்றைக்கு இரண்டு தூணுக்கும் நடுவில் நின்றான், எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல். வீட்டில் அந்தம்மா புருஷனிடமும் பேசுவதில்லை, தம்பியிடமும் பேசுவதில்லை. பீரங்கி காலை ஆறு மணிக்குக் குளித்து, தலை வாரி, கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாராம். யாராவது வந்தால் எழுந்து நிற்கிறாராம். எங்கே போவது என்று கேட்டால், அதைத்தான் நானும் யோசிக்கிறேன் என்கிறாராம். இந்த இடத்தில் நான் காற்றே அடிக்கவில்லை.

"அயோக்கியப் பய" என்றார் லிஃப்ட் ஆபரேட்டர், கையைக்கூடக் கழுவாமல். "வேணும்னே மடக்கியிருக்கான்."

"நீ போய்ப் பாத்தியா?" என்றார் சலவை அக்கா. "பீரங்கி கை மூஞ்சிக்கு நேரா வந்தா நீ நிப்பியா? பயத்துல மடங்கியிருக்கும்."

"மூணு தடவையுமா பயம்?"

"மூணாவது அடிதானேய்யா பெருசு! பயம் கூடத்தானே செய்யும்?"

எக்ஸ்ரே அறைத் தம்பி நடுவில் புகுந்தான். "நான் சொல்றேன், பெருசுக்கு அடி பத்தல. அம்பத்துமூணு வயசு. கதைக்காக இவரு மச்சினன் தலையில போடுறாரு."

"அடி பத்தலையா? வாடா இங்க. அக்கா, அந்த மூடியக் குடு. இவன் பிடிக்கட்டும், நான் அடிக்கிறேன்."

"என் டப்பா மூடிய வைடா கீழ!"

"வேணாம், எதுக்கு மூடி? இப்பவே கேட்டுக்குப் போயி அவனையே கேக்கிறேன். மடக்கினியா இல்லியான்னு" என்று லிஃப்ட் ஆபரேட்டர் எழுந்தார்.

சலவை அக்கா எழுந்துபோய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். "கேட்டீன்னா அந்தக் குடும்பத்துல மிச்சம் இருக்கிறதும் போயிடும்."

"மிச்சம் என்ன இருக்கு? நகருக்கா!"

"நகர மாட்டேன். என்னடா பண்ணுவ?"

"ஏய், அக்கா மேல கை வெச்சே..." என்று எக்ஸ்ரே தம்பி பாய, போர்வை மூட்டை சரிய, யார் டப்பாவோ உருண்டு கொட்ட, மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள்.