மறைந்திருந்த கல்யாணங்கள்

எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்தபடியாக மரியாதை பெற்றிருந்தது கணினிதான். வேலை இல்லாத நேரத்தில் அம்மாவின் பழைய சேலையில் தைத்த உறை அதன் மேல் கிடக்கும். தண்ணீர் டம்ளரோடு யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. அப்பா கல்யாணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் வீடியோ எடுக்கிறவர். பாடாங் சிராய் பக்கத்துத் தாமான் குடியிருப்பு ஒன்றில் வரிசை வீட்டில் இருந்தோம். அந்த வீட்டின் முன்னறைதான் அப்பாவின் கடை.

வீடியோ எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் அப்பா. சிடி போடுவது சித்தப்பா. ஒரு கல்யாணம் என்றால் பெண் வீட்டுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு, கோலாலம்பூரில் இருக்கிற அக்காவுக்கு, வர முடியாமல் போன சின்ன மாமனாருக்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முதல் சிடியை அப்பா தயார் செய்து கொடுத்தால், அதைப் பார்த்து மற்றதையெல்லாம் நகல் எடுத்துக் கொடுப்பது சித்தப்பாவின் பொறுப்பு.

சித்தப்பா அப்பாவுக்குக் கடைசித் தம்பி. பாடாங் மேஹா தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். கூலிமில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுக் கணினி முன் உட்காருவார். சிடி வெளியே வந்ததும் அதன் மேல் மார்க்கர் பேனாவால் மணமக்கள் பெயரை எழுதி, ஓரத்தில் சின்னதாக ஒரு குத்துவிளக்கு வரைவார். சிடித் தட்டு உள்ளே போகப் பட்டனை அமுக்கும் உரிமை எனக்குத்தான். அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. அந்தப் பட்டனை அமுக்கும்போது குடும்பமே என் விரலை நம்பி இருப்பதாக நினைப்பு.

ஒரு கல்யாண சீசனில் கணினி திடீரென்று மக்கர் செய்தது. நகல் எடுக்கத் தொடங்கினால் இடமில்லை என்று பாதியில் நின்றுவிடும். அப்பா தன் பழைய வேலைகளை அழித்துப் பார்த்தார். அப்படியும் இடமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய கல்யாணம் ஒன்று கையில் இருந்தது. சித்தப்பா ஷிஃப்டில் இருந்தார். அப்பா மாமாவுக்குப் போன் போட்டார்.

மாமா அம்மாவின் அண்ணன். வங்கியில் வேலை. சுங்கைப் பட்டாணியிலிருந்து சொந்தக் காடியில் வருவார். உறவுக்காரர்களில் கணினி தெரிந்தவர் என்று பெயர் வாங்கியிருந்தார். அதற்குத் தகுந்த மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மச்சான், நீங்க வச்சிருக்கிறது கொஞ்சந்தான். ஆனா மெஷின் நெறஞ்சு கெடக்கு. மிச்சம் எங்க போச்சுன்னு பாப்போம்."

எங்கேயோ போய் எதையோ தட்டினார். திரையில் அதுவரை காலியாக இருந்த ஜன்னலில் மங்கலான ஃபைல் படங்கள் வரிசையாக வந்து நின்றன. வெயிலில் வெளுத்த துணி மாதிரி. ஒவ்வொன்றின் கீழும் எழுத்தும் எண்ணும் கலந்து, வாயில் நுழையாத பெயர்.

"எல்லாம் மறைச்சு வச்ச ஃபைலு. ஒவ்வொன்னும் ஒரு முழுப் படம் அளவுக்கு இருக்கு. பேரு கூட புரியக் கூடாதுன்னு வச்சிருக்காங்க," என்றார் மாமா. "இதுல யாரு வேல செய்யிறது?"

"தம்பிதான்."

மாமா மவுஸிலிருந்து கையை எடுத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "பொண்ண உள்ள போகச் சொல்லுங்க மச்சான்."

நான் சமையலறைக்குப் போனேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது. கல்யாணமாகாத பையன், தொழிற்சாலையில் பலவிதமான சகவாசம், வீட்டில் ஆளில்லாத நேரம் என்று மாமா மெதுவாக அடுக்கிக்கொண்டே போனார். என்ன படம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதிலிருந்தே அது கெட்ட படம் என்று எனக்கே விளங்கிவிட்டது. திறந்து பார்க்க இருவருக்குமே கூச்சம். தெரியாமல் எதையாவது அழித்தால் மெஷினே நின்றுவிடும் என்று சொல்லிவிட்டு மாமா தேநீர் குடித்துப் புறப்பட்டார்.

சித்தப்பா வந்தபோது அவர் பை வாசலில் இருந்தது. அம்மாதான் துணிகளை மடித்து வைத்திருந்தார்.

"என்னாண்ணே இது?"

"மெஷின்ல என்னா மறைச்சு வச்சிருக்க?"

"நா ஒன்னும் மறைக்கல."

"அப்ப தானாவே போய் ஒளிஞ்சுக்கிச்சா?"

சித்தப்பா திரையைப் பார்த்தார். அந்த மங்கலான வரிசையை அவரும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது என்னான்னு எனக்குத் தெரியாதுண்ணே. தொறந்து பாருங்க."

"வயசுக்கு வரப்போற பொண்ணு இருக்கிற வீட்ல, அத தொறந்து பாக்கச் சொல்றியா?"

சித்தப்பா திரையிலிருந்து திரும்பினார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். தொழிற்சாலை ஹாஸ்டலுக்குப் போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

வெள்ளிக்கிழமைக் கல்யாணத்தை அப்பா வேறொருவரிடம் கொடுத்து முடித்தார். பேச்சு மட்டும் முடியவில்லை. மாமா அத்தையிடம் சொல்லியிருக்க வேண்டும். அத்தை கோயிலில் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். யான் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் சித்தப்பாவுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டில், நம் வீட்டுப் பெண்களின் முகத்தையெல்லாம் அந்தக் கணினியில்தானே வைத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்களாம். பள்ளி வேனில் ஒருத்தி என்னிடம் வந்து, உங்க வீட்டுல ப்ளூ படம் இருக்காமே என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது இரண்டும் எரிந்தன. எனக்குக் கோபம் வந்தது அவள் மேல் இல்லை, சித்தப்பா மேல்.

புதன்கிழமை பசார் மாலாம் இரவுச் சந்தையில் அவரைப் பார்த்தேன். அம்மா மீன் கடையில் நின்றிருந்தார். சித்தப்பா கூட்டத்துக்குள்ளிருந்து வந்து, ஒரு காகிதப் பையை நீட்டினார். உள்ளே அப்பம் பாலிக், மடித்துச் சுட்ட இனிப்பு அப்பம். சோளம் நிறையப் போட்டு, எனக்குப் பிடித்த மாதிரி.

"எடுத்துக்க லா. சூடா இருக்கு."

பக்கத்து வரிசையில் வேனில் என்னோடு வரும் பெண்கள் இருவர் நின்றிருந்தார்கள். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சித்தப்பா பையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். நெரிசலில் யாரோ அவரை இடித்துக்கொண்டு போனார்கள். பிறகு தலையை ஆட்டிவிட்டு, ஏதோ அவர்தான் தப்பான இடத்தில் வந்து நின்றுவிட்டவர் போல, ஒதுங்கிப் போனார்.

வேலை கிடப்பில் கிடந்தது. வேறு வழியில்லாமல் அப்பா கணினிப் பெட்டியைத் துணியில் சுற்றித் தன் வேனில் ஏற்றிக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்குப் புறப்பட்டார். பள்ளி விடுமுறை. பெட்டியைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன். தெரிந்தவர்கள் யாரும் வராத கணினிக் கடையாகப் பார்த்துத்தான் அப்பா நிறுத்தினார். ஒரு சீனப் பெண் இருந்தாள். அப்பா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அதே மங்கலான வரிசையை வரவழைத்தாள். அப்பா ஏதோ சொல்லித் தடுத்தார். அவள் கேட்காமல் ஒன்றைத் திறந்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து நாதஸ்வரம் கேட்டது.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். திரையில் யாரோ ஒருவருடைய மாப்பிள்ளை அழைப்பு. அவள் அடுத்ததைத் திறந்தாள். ஒரு சீமந்தம். அதற்கடுத்ததில் நானே இருந்தேன். என் காதுகுத்து. மாமா மடியில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருக்கிறேன்; மாமா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"இனி புக்கான் ஓராங் சிம்பான், அங்கிள்," என்றாள் அந்தப் பெண். "புரோகிராம் சென்டிரி சிம்பான்."

இதை ஆள் யாரும் வைக்கவில்லை, புரோகிராமே வைத்துக்கொண்டது என்கிறாள். நகல் எடுக்கும் அந்த மென்பொருள் முதலில் சிடி முழுவதையும் தனக்குள் ஒரு படி எடுத்துக்கொள்ளுமாம். வேலை முடிந்ததும் அதை அழிக்க வேண்டும். இது அழிக்கவில்லை. யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. இப்போதே எல்லாவற்றையும் அழித்துத் தரட்டுமா என்று கேட்டாள். அப்பா வேண்டாமென்றார். எப்படித் திறப்பது, எப்படி அழிப்பது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

திரும்பிப் புறப்பட்டோம். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையைத் தாண்டிப் போய், ஹாஸ்டல் வாசலில்தான் வேன் நின்றது. சித்தப்பா கைலியோடு இறங்கி வந்தார். அப்பா வேனை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மெஷின் நெறஞ்சு கெடக்கு. ஒனக்குத்தான் அதோட பழக்கம். ஒருநா வந்து சுத்தம் பண்ணிக் குடு."

"ஆஃப் டேக்கு வரேண்ணே," என்றார் சித்தப்பா. என்னையும் பார்த்துச் சிரித்தார். நான் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த முறை வேறு காரணத்துக்காக.

அவர் வந்த அன்று அம்மா கோழிக்கறி சமைத்தார். அப்பா பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சித்தப்பா எல்லாவற்றையும் ஒரே தடவையில் அழிக்கப் போனார்.

"ஒன்னொன்னா தொற," என்றார் அப்பா. "பாத்துட்டு அழிப்போம்."

சித்தப்பாவின் கை கொஞ்சம் நின்றது. பிறகு திறந்தார். ஒரு கல்யாணம். கொஞ்சம் ஓடவிட்டு, மூடி, அழித்தார். அடுத்தது. அடுத்தது. "இது நம்ம பாடாங் மேஹா கல்யாணம்ல," "இதுல நீதான் லைட் புடிச்ச," என்று அப்பா ஒவ்வொன்றுக்கும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். சித்தப்பா மூடி அழித்துக்கொண்டே இருந்தார்.

அப்பா மன்னிப்புக் கேட்டுப் பழகியவர் இல்லை. தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, எதிலும் ஒரு குற்றமும் இல்லை என்பதைத் தானே பார்த்து ஒப்புக்கொள்வதுதான் அவருக்குத் தெரிந்த வழி என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அப்பாவின் நாற்காலியில் இருந்து பார்த்தால் அது ஒன்று. சித்தப்பாவின் நாற்காலியில் இருந்து பார்த்தால் அது வேறு. ஒன்றைக்கூட விடாமல் ஒருவர் நம் பையைப் பிரித்துச் சோதிப்பது போலத்தான் அவருக்கு இருந்திருக்கும்.

எனக்கு இரண்டுமே தெரியவில்லை. எனக்கு அது சினிமா. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்திருந்தேன். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள், நாதஸ்வரம் கேட்கிறது, கோழிக்கறி மணக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

கடைசியாக ஒரு வரவேற்பு. கேக் வெட்டினார்கள். சித்தப்பா அதை மூடவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"பாத்துட்டீங்களாண்ணே? போதுமா?"

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பதில் சொல்லாமல் இருந்ததால் நான் சொன்னேன்.

"போதாது சித்தப்பா. இன்னும் ஒன்னு போடுங்க."

சித்தப்பா என் தலையில் கை வைத்தார். கடைசி ஃபைலையும் அழித்துவிட்டு எழுந்து, ஷிஃப்ட் இருக்கு அண்ணி என்று சமையலறைப் பக்கம் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை எடுத்தார். ஆஃப் டேயில் என்ன ஷிஃப்ட் என்று அம்மாவும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. மோட்டார் முனை திரும்புகிற வரை நான் கையாட்டினேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் தங்கியதே இல்லை. அன்று எனக்கு இருந்த வருத்தமெல்லாம், படம் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்பதுதான்.