பிளவக்கல் சேறும் என் மணிக்கட்டும்

சோப்பும் ஆசிடும் ரப்பர் கையுறையும் என் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தெரிந்துவிட்டது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு கல்லூரி. அங்கே நுண்ணுயிரியல் துறையில் நான் லேப் அசிஸ்டென்ட். டெஸ்ட் டியூப் கழுவிய வருடமெல்லாம் மணிக்கட்டு தடித்து அரித்தது.

மம்சாபுரத்து ஜெயந்தி எங்கள் துறையில் ஆராய்ச்சி மாணவி. பிளவக்கல் அணையோரச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தாள். அது சுரந்ததை வடித்து எடுத்த சாறு பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி உண்டா என்று பார்க்க, அந்தச் சக்தி பட்டால் நிறம் வெளுக்கும் ஊதாக் கரைசலில் அதை விட்டு அரை மணி நேரம் இருட்டில் வைத்தோம். எடுத்தபோது ஊதாவைக் காணோம். டியூப் முழுக்க வெளிர் மஞ்சள்.

"சேத்துக்குள்ள கெடந்ததுக்கு எம்புட்டு வேலை தெரியுது பாருங்கக்கா" என்றாள். அலர்ஜிக்கும் சோதிக்கப் போவதாகச் சொன்னாள்.

அந்தச் சொல் போதும் எனக்கு. அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே டிராப்பரில் சாற்றை எடுத்து மணிக்கட்டுக்கு மேலே பிடித்துவிட்டேன்.

"அக்கா, வேண்டாம். கீழ வைங்க."

"ஒரு சொட்டுதான புள்ள. அரிக்கிற கை என்னுது."

"டியூப்ல நெறம் மாறுனா தோலுக்கு ஆகும்னு யாரு சொன்னா? லேப்ல வளக்குற செல்லுல போட்டுப் பாத்துட்டுப் பொறவு பேசுவோம்."

எனக்குக் கோபம்தான். ஆனாலும் வைத்துவிட்டேன்.

சில நாள் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கக் கூப்பிட்டாள். செத்த செல்தான் நீலச் சாயத்தை உறிஞ்சும். நான் சொட்டவிடப் போன அதே சாறு பட்ட செல்கள் அத்தனையும் நீலம். என் மணிக்கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"இப்ப இதப் பாருங்க. அதே சாறுதான், நூறு மடங்கு டைலூட் பண்ணுனது."

இவை மாஸ்ட் செல்கள். அலர்ஜி தூண்டினால் தமக்குள் இருக்கும் குருணைகளைக் கொட்டி அரிப்பைக் கிளப்புபவை. சாறு படாதவை, தூண்டியதும் குருணைகளைக் கொட்டிச் சிதறிக் கிடந்தன. டைலூட் செய்த சாறு முன்பே பட்டவற்றில் பெரும்பாலானவை, அதே தூண்டுதலுக்கும் அசையாமல், குருணைகளை உள்ளேயே வைத்துக்கொண்டு உருண்டையாக இருந்தன. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"செத்த நகருங்கக்கா, என் கைடு மேடமும் பாக்கணும்லா" என்று ஜெயந்தி தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தேன்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தச் சாறு இன்னும் களிம்பாக வரவில்லை. வருமா என்று ஜெயந்திக்கே தெரியாது. லேப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் செய்கிற வேலையைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் வியந்துகொள்ளுங்கள். கையை நீட்டும் முன், எவ்வளவு சேர்த்தால் காக்கும், எவ்வளவில் கொல்லும் என்று கேளுங்கள்.