கம்பவுண்டர் ஆரோக்கியம் துப்பறிய வந்த கதை

போன வாரம் சேலத்தில் நாமக்கல் பஸ் ஏறினேன். பேச்சுவாக்கில் நான் யாரென்று தெரிந்துகொண்ட பக்கத்து சீட்டுக்காரர் ஒன்று கேட்டார்.

"ஏனுங்க, மத்தவங்க கதையில போலீஸ் அதிகாரி துப்பறியறாரு. உங்க கதையில மட்டும் ஏனுங்க கம்பவுண்டரு?"

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேனே...

ஐம்பதுகளின் கடைசி, அதாவது ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால். சேலத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு வாரப் பத்திரிகையில் என் முதல் மர்மத் தொடர். நிலபுலம் நிறைந்த ஒரு மிட்டாதாரை விஷம் வைத்துக் கொல்கிறார்கள். சந்தேகமெல்லாம் மருந்து கலக்கும் கம்பவுண்டர் மேல். பெயர் ஆரோக்கியம். விஷம் வைப்பவனுக்கு அப்படியொரு பெயர் — என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முடிவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒரு கார்டு.

"ஐயா, என் வீட்டுக்காரர் பெயரும் ஆரோக்கியம். இங்கே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டீக்கடையில் உங்கள் கதையைச் சத்தமாகப் படிக்கிறார்கள். இப்போது அவர் கையால் யாரும் மருந்து வாங்குவதில்லை. இப்படிக்கு, ரோசம்மாள்."

சிரிப்பதா, அழுவதா? லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கார்டில் இருந்தது நிஜம்தான். டாக்டரிடம் மருந்துச் சீட்டு வாங்கியவர்கள், மருந்து ஜன்னலைக் கண்டதும் நழுவினார்கள். காய்ச்சல் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் காலி பாட்டிலோடு வெளியே வந்தாள்.

"மருந்து வாங்கலையா அம்மா?"

"அந்தாளு கையிலயா? எனக்கு ஒத்தப் புள்ளைங்க."

குழந்தையின் கண் செருகியிருந்தது.

நேராக ஜன்னலுக்குப் போனேன். உள்ளே ஒல்லியாக ஒரு மனிதர். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அந்தக் கதையை எழுதினவன் நான்தான். எல்லாம் கற்பனை. இவர் கலக்கிற இருமல் மருந்தை இப்போ உங்க முன்னாலேயே குடிக்கிறேன். கொடுங்க சார்."

ஆரோக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருமல் இருக்குதுங்களா?"

"இல்லை."

"சீட்டு?"

"அதுவும் இல்லை."

"அப்பத் தரமாட்டனுங்க."

நான் கெஞ்சியும் அசையவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் யோசித்தாள். பிறகு முன்னால் வந்து பாட்டிலை நீட்டினாள்.

"கேட்டாலும் குடுக்காத மனுசன், கேக்காமயா விசத்தைக் குடுப்பாரு? ஊத்துங்க சாமி."

அவள் பின்னால் வரிசை சேர்ந்தது.

ஊர் திரும்பியதும் முடிவை மாற்றி எழுதினேன். சீட்டில்லாமல் மருந்து தர மறுக்கும் கம்பவுண்டர், ஒரு பொய்ச் சீட்டை வைத்தே கொலையாளியைப் பிடிக்கிறார். "முடிவை மாற்றினால் தொடரையே நிறுத்திவிடுவேன்" என்றார் பத்திரிகை ஆசிரியர். நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். எழுத்து அத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்... வியாழக்கிழமை இதழைப் பிரித்தால், நான் எழுதியபடியே அச்சாகியிருந்தது.

வாசகர்கள் அந்தக் கம்பவுண்டரை விடவில்லை. இதோ, உங்கள் கையில் இருப்பது அவருடைய ஐந்தாவது வழக்கு.

போன மாதம் நாமகிரிப்பேட்டை போயிருந்தேன். ஆரோக்கியத்தின் மருந்து ஜன்னலில் நல்ல கூட்டம். பாதிப் பேர் காணாமல்போன ஆட்டைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி வந்தவர்கள்.

இரண்டு ஆடு கிடைத்தும்விட்டதாம்.