கட்டிங் மாஸ்டரின் காலுறை

என் நாத்தனாரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘அளவுக்காரி’ என்றால்தான் தெருவில் தெரியும். கடை வாசலில் ஆள் வந்து நிற்கும்போதே தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று கண்ணாலேயே எடுத்துவிடுவாள். அப்புறம் இஞ்சு டேப்பைப் போட்டுப் பார்ப்பதெல்லாம் வந்தவர் மனம் கோணக்கூடாதே என்பதற்காகத்தான். பள்ளிச் சீருடை தைக்கிற பெரிய கடை அது. தைக்கப் பலபேர் இருந்தார்கள்; வெட்ட அவள் ஒருத்திதான். அவளைப்போல் துணி வெட்டுகிறவளை நான் பார்த்ததில்லை. யார் மறுத்துப் பேசினாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

வெட்டுகிற வேலை நின்றுகொண்டே செய்கிற வேலை. காலையில் மேசை முன்னால் நின்றால் விளக்குப் போடுகிற நேரம்வரை நிற்பாள். அந்த இடத்தின்மேல் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. முதலாளி தன் அக்கா மகனைத் தொழில் பழகட்டும் என்று கொண்டுவந்து விட்டிருந்தார். நாம் கொஞ்சம் நகர்ந்தால் அவன் வந்து நின்றுகொள்வான் என்கிற பயம் அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. வெளியே சொல்ல மாட்டாள்.

நின்று நின்று இடது காலில் நரம்பு புடைத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே பச்சைப் பசேலென்று சுருண்டு கிடக்கும். சாயங்காலமானால் கால் ஈயக்குண்டாய்க் கனக்கும். கணுக்காலுக்கு மேலே அரித்து அரித்து, தேநீர்க் கறை பட்டதுபோல் தோல் கறுத்துக்கொண்டே வந்தது. கேட்டால், நின்று சம்பாதித்த நகை என்று சிரிப்பாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். என்னை அக்கா என்று கூப்பிடுகிற தம்பி. அவர்தான் ஒருநாள் விடாப்பிடியாக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்; துணைக்கு நானும் போனேன். டாக்டர் காலில் பசையைத் தடவி, அவளை நிற்கவைத்தே ஸ்கேன் எடுத்தார். கீழே இருக்கிற ரத்தம் மேலே ஏறிய பிறகு திரும்ப இறங்காமல் இருக்க நரம்புக்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டாம். இவளுக்கு அந்தக் கதவுகள் சரியாகச் சாத்தவில்லையாம். அதனால் ரத்தம் காலிலேயே தேங்கிப்போகிறது என்றார்.

வழி நான்கு இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். இறுக்கமான காலுறை போடலாம். அது தாங்கிப்பிடிக்கும், கதவைச் சரிசெய்யாது. ஊசி வழியாக மருந்து நுரையை ஏற்றி நரம்பை ஒட்டவைக்கலாம்; அது சின்ன நரம்புக்குத்தான் நன்றாகக் கேட்கும், சிலருக்குத் திரும்பவும் வரும். லேசர் என்றால் மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சூட்டால் நரம்பை அடைத்துவிடுவது. அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம், சில நாள் மட்டும் வேலைக்குப் போகக்கூடாது. கடைசியாகப் பழைய முறை, கத்தி வைத்து நரம்பையே உருவி எடுப்பது. இவளுக்குத் தோல் கறுக்கத் தொடங்கிவிட்டதால் லேசர்தான் நல்லது என்பது அவர் எண்ணம்.

“யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஆனா ரொம்ப யோசிக்காதீங்க” என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார்.

அவள் ரொம்பத்தான் யோசித்தாள். அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். ஒருத்தியின் மாமியார் கத்தி வைத்துக்கொண்டு பல நாள் படுத்துக் கிடந்தாளாம். ஒருவருக்கு ஊசி போட்டு அடங்கின நரம்பு பக்கத்திலேயே வேறு முளைத்ததாம். லேசர் செய்துகொண்டு சுகமாக நடமாடுகிற ஒரு பள்ளி ஆசிரியையும் வந்தார். அவர் சொன்னதை மட்டும் இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தம்பி என்னிடம் வந்து புலம்புவார். “துணிக்கடைக்குப் போன மாதிரி நாலையும் தடவித் தடவிப் பாக்கறா அக்கா. ஒண்ணையும் எடுக்க மாட்டேங்கறா.”

நான் போய்க் கேட்டேன். அவள் சாக்கட்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

“ஊசி போட்டா ஒட்டிக்கும், லேசர்னா அடைஞ்சிடும், கத்தி வெச்சா போயே போயிடும். பிரிக்க முடியாத தையலை நான் என்னைக்கும் போட்டதில்ல அண்ணி. உறைன்னா பிடிக்கலேன்னா கழட்டி வெச்சிடலாம்.”

சொன்னது பாதிதான். பள்ளி திறக்கிற சமயம் அது. சில நாள் வீட்டில் உட்கார்ந்தால் மேசைக்கு அந்தப் பையன் வந்துவிடுவானே என்பது மீதி. அந்த மீதியை அவள் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை.

காலுறை வந்தது. மாட்டுவதற்கே மல்லுக்கட்ட வேண்டும். கணுக்காலில் கடிக்கிறது, தொடையில் நிற்காமல் வழிகிறது என்று மூக்கால் அழுதாள். இரண்டு வாரம் பொறுத்தாள். அப்புறம் அவளுக்குள் இருந்த கட்டிங் மாஸ்டர் விழித்துக்கொண்டாள். ஆயத்த உடை எதுவுமே ஆளுக்குப் பொருந்தாது என்பது அவள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தது. கடிக்கிற இடத்தைப் பிரித்துப் பட்டைத் துணி கொடுத்துத் தளர்த்தினாள். வழிகிற இடத்தில் எலாஸ்டிக்கை இரட்டையாக வைத்து இறுக்கினாள். மேலே கச்சிதம், கீழே காற்றோட்டம். தையல் இருக்கிற இடமே தெரியாது. என் கண்ணே பட்டிருக்கும்.

“டாக்டர் கொடுத்ததை எதுக்குடி பிரிச்சே? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?” என்றேன்.

“டாக்டருக்கு ஃபிட்டிங் தெரியுமா அண்ணி? எனக்குத் தெரியும்.”

அதன்பிறகு ஒரு நாள்கூட அதைப் போடாமல் அவள் வேலைக்குப் போனதில்லை. நினைத்தால் எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான். சோம்பேறியாக மூலையில் போட்டிருந்தால்கூட அவ்வளவு கெட்டிருக்காது.

மாதங்கள் போயின. கால் வீக்கம் கூடிக்கொண்டே வந்தது. துணிக்கட்டின் தகரப் பட்டை உரசிக் கணுக்காலுக்கு மேலே சின்னதாக ஒரு கீறல். ஆறவேண்டிய கீறல், அகன்றது. லைனிங் துணியைச் சுற்றிச் சுற்றி மறைத்தாள். படுக்கை விரிப்பில் புண் கசிந்த ஈரம் பார்த்த அன்று தம்பி பஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு அவளை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனார். அன்றும் நான் கூட இருந்தேன்.

டாக்டர் புண்ணைப் பார்த்தார். அப்புறம் காலுறையைக் கையில் எடுத்து இரு முனையையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். யார் இப்படிச் செய்தது என்று கேட்டார். அவள் தான்தான் என்றாள்.

“இது கணுக்கால்லதாம்மா ரொம்ப இறுக்கமா இருக்கணும். மேல போகப் போகத் தளர்வு. அப்பத்தான் ரத்தத்தை மேல தள்ளும். நீங்க மேல இறுக்கிக் கட்டிட்டீங்க. போற வழிய அடைச்ச மாதிரி ஆயிடுச்சு.”

அவர் திட்டவில்லை. கடிந்து பேசியிருந்தால் அவளும் எதிர்த்துப் பேசி ஆறியிருப்பாள். அவள் காலுறையைத் திரும்ப வாங்கி, தன் தையல்மேல் விரலை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. வாராவாரம் மருந்து வைத்து, விரலடியிலிருந்து முழங்கால்வரை அடுக்கடுக்காகக் கட்டுப்போட்டார்கள். புண் ஓரளவு சுருங்கியதும் லேசரும் செய்தார்கள். உள்ளே போனவள் கொஞ்ச நேரத்தில் தானே நடந்து வெளியே வந்தாள். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இவ்வளவுதானா அண்ணி?” என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு நேரமும் வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

புண் ஆறிவிட்டது. ஆனால் கணுக்காலைச் சுற்றித் தோல் மரப்பட்டையாக இறுகிப்போய், பாதம் சரியாக மடங்குவதில்லை. ரொம்ப நேரம் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் கட்டுப்போட்டுக் கிடந்த மாதங்களில் மேசைக்கு அந்தப் பையன் வந்துவிட்டான். முதலாளி நல்லவர்தான், அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. காஜா எடுத்துப் பித்தான் வைக்க ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

போன வாரம் பேத்தியின் சட்டையை வாங்க அந்தக் கடைக்குப் போயிருந்தேன். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். மேசையில் அந்தப் பையன் கத்தரியை ஓட்டிக்கொண்டிருந்தான். பேச்சின் நடுவில் அவள் சட்டென்று நிறுத்திக் கத்தரிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டினாள். துணியை இழுத்துப் பிடித்து வெட்டுகிறான், சட்டையின் கை வளைவு கோணப்போகிறது என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். எழுந்து போய்ச் சொல்லேன் என்றேன். நாற்காலிக் கையைப் பிடித்து எழப்பார்த்தாள். பாதம் ஊன்றவில்லை. திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

“விடுங்க அண்ணி. அவன் மேசை” என்றாள்.

ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். கோக்கவே வெகுநேரம் ஆனது.