சூர்யகலா டீச்சரின் பங்குனி மாதம்

"இன்னிக்கி இன்னா புதுசு?"

காலை மணி அடித்ததும் புங்கமரத்தடியில் நின்றுகொண்டு சூர்யகலா டீச்சர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வீட்டிலிருந்து வரும் வழியில் அன்று புதிதாகக் கண்ட ஒன்றைச் சொன்னால்தான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே போகலாம்.

"எங்க தெரு வேப்பமரம் பூ வுட்டிருக்குது டீச்சர்."

"சூப்பர். உள்ள போ."

"எங்க ஆடு குட்டி போட்டுச்சு டீச்சர். கருப்புக் குட்டி."

"எழுந்து நிக்குதா? சரி, போ."

"எங்கப்பாவும் எங்கம்மாவும் சண்ட போட்டுகினாங்க டீச்சர்."

"அது புதுசு இல்லடா. வேற சொல்லு."

பங்குனி பிறந்துவிட்டால் இந்த வரிசை நகரவே நகராது. புங்கமரம் இருந்த இலையையெல்லாம் கொட்டிவிட்டுப் பளபளவென்று தளிர் விட்டிருக்கும். இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். குயில் ஒன்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்தும். சொல்வதற்குப் பிள்ளைகளிடம் அவ்வளவு சேர்ந்துவிடும். தலைமையாசிரியர் ரங்கசாமி அலுவலக வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். டீச்சர் அவர் பக்கம் திரும்பவே மாட்டார்.

பள்ளிக்கு எதிர்வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். ஆரணியில் எங்கள் தெருவில் தறிச் சத்தத்தை மீறிக் கேட்கக்கூடிய ஒரே குரல் டீச்சருடையது. அவர் கழித்தல் கணக்கு நடத்தும்போது நானும் மனத்துக்குள் கடன் வாங்கிக் கழித்துக்கொண்டிருப்பேன். டீச்சர் பக்கத்துச் சேத்துப்பட்டுக்காரர். வயது நாற்பதை ஒட்டி. வகுப்பில் நாற்காலி உண்டு, அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அது அவருடைய கைப்பைக்கான இடம். பைக்குள் வேர்க்கடலை எப்போதும் இருக்கும். சரியாக வாசித்த பிள்ளைக்கு ஒரு பிடி, தப்பாக வாசித்தாலும் பயப்படாமல் வாசித்த பிள்ளைக்கும் ஒரு பிடி. பயந்து வாயே திறக்காத பிள்ளைக்கு முதலில் ஒரு பிடி.

அவருடைய குறையை அவரே சொல்லிவிடுவார். "யோசிக்காம வாய வுட்டுட்டு அப்பறம் முழிக்கறது. அதாங்க என் பேஜாரு."

இந்தப் பங்குனியில் அவர் வாய் விட்ட கதை இது.

வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தார். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி. பேச்சோடு பேச்சாக, பட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார். வகுப்பில் பாதிப் பேர் தறிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஒருவன் "பெங்களூர்ல இருந்து" என்றான். ஒருத்தி "பார்சல்ல" என்றாள். மற்றவர்களெல்லாம் ஒரே குரலில், "முதலாளி வூட்ல இருந்து!"

"புழுவுல இருந்துடா" என்றார் டீச்சர்.

வகுப்பே சிரித்தது. நெசவாளர் குமரேசனின் மகன் வெற்றிச்செல்வன் எழுந்து நின்றே சிரித்தான். "பொய் சொல்றீங்க டீச்சர். எங்கப்பா நூல நான் தொட்டிருக்கேன். வழவழன்னு கீது. அது போய் புழுவா?"

"கொண்டாந்து காட்றேன், அப்பறம் பேசு!"

சொல்லி முடித்த பிறகுதான் டீச்சருக்குப் பகீரென்றது. புழு என்றால் அவருக்கு உயிர் போய்விடும். அவர் வீட்டில் காலிஃபிளவர் நறுக்குவது கணவர்தான். முருங்கைக் கீரைகூட அவர் ஆய்ந்து உதறிக் கொடுத்தால்தான் அடுப்புக்குப் போகும்.

இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சந்தவாசல் பக்கம் போனார். அங்கே அய்யாக்கண்ணு என்பவர் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார். அவர் ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, தழையைப் பரப்பி, கொஞ்சம் புழுவை அள்ளி வைத்தார். "கடிக்காதும்மா. இல தவுர எதையும் தொடாது." டீச்சர் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, ஆரணி வரை கழுத்தைக்கூடத் திருப்பாமல் ஓட்டி வந்தாராம். "கீழ குனிஞ்சி பாத்தா வண்டிய வுட்டுட்டு ஓடிடுவேன்னு தெரியும்."

மறுநாள் முதல் அந்த வகுப்பே வேறாகிவிட்டது. எறும்பு ஏறாமலிருக்க மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்க வைத்தார்கள். வெயிலுக்கு ஜன்னலில் ஈரச்சாக்கு. புழுவுக்கு வாசனை ஆகாது என்று பவுடர் பூசி வந்தவர்களுக்கெல்லாம் கடைசி வரிசை. ரங்கசாமி சார் தலையில் மணக்கும் எண்ணெய் தடவுகிறவர். அவரையும் டீச்சர் வாசலிலேயே மறித்துவிட்டார். "சார், நீங்க அங்க இருந்தே பாருங்க." தலைமையாசிரியர் தன் பள்ளியின் மூன்றாம் வகுப்பை ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

தழை தினமும் காலை பஸ்ஸில் வந்தது. அய்யாக்கண்ணு ஈரத்துணியில் சுற்றி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிடுவார். பஸ் நிலையத்தில் டீச்சரைக் கண்டதும் கண்டக்டர் கூவுவார். "டீச்சர், உங்க புள்ளைங்களுக்கு டிபன் வந்துச்சு!"

முதலில் டீச்சர் டீ ஸ்பூனால்தான் புழுவை நகர்த்தினார், அதுவும் கையை முழுக்க நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. அப்புறம் பெயின்ட் பிரஷ். ஒருநாள் ஒரு புழு மேசை விளிம்பிலிருந்து விழப்போக, வெறுங்கையால் ஏந்திவிட்டார். ஏந்திய பிறகே பார்த்தார். "கத்தலாம்னு வாயத் தொறந்தேன். புள்ளைங்க எல்லாம் என்னையே பாத்துகினு இருந்துச்சுங்க. மூடிகினேன்."

பிள்ளைகள் புழுக்களுக்குப் பேர் வைத்தார்கள். வேகமாகத் தின்பவன் ஜல்தி. தின்னாமல் ஊர்ந்துகொண்டே இருப்பவன் பேஜார். பருத்தது குண்டு. நூலால் நீளம் அளந்தார்கள், நேற்றைய நீளத்தை இன்றையதிலிருந்து கழித்தார்கள். எத்தனை மாதமாகவோ வராத கழித்தல் கணக்கு ஜல்தியால் வந்துவிட்டது. புழு தழை தின்னும் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று ஒரு மதியம் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சத்தமே வராததால் பயந்துபோய் ரங்கசாமி சார் ஓடி வந்தார்.

பிறகு ஒவ்வொன்றாகத் தின்பதை நிறுத்தின. உடல் கண்ணாடி மாதிரி மஞ்சளித்தது. அய்யாக்கண்ணு கொடுத்தனுப்பிய மூங்கில் தட்டில் ஏற்றி விட்டதும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டிக் கூடு கட்டிக்கொண்டு உள்ளே மறைந்துபோயின. வெற்றிச்செல்வன் கூட்டைத் தொட்டுப் பார்த்தான். "எங்கப்பா நூலு தான் டீச்சர். அதே தான்" என்று ஒத்துக்கொண்டான்.

ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் மூன்றாம் வகுப்பின் பங்குக்குப் பெரிய திட்டம் இருந்தது. மேடையில் அடுப்பு வைத்து, கொதிநீரில் கூடுகளைப் போட்டு, பெற்றோர்கள் கண்முன்னே நூலெடுத்துக் காட்டுவது. 'புழு முதல் புடவை வரை' என்று அழைப்பிதழில் அச்சாகிவிட்டது.

டீச்சர் அதை வகுப்பில் விளக்கியபோது அனுபமா கை தூக்கினாள். சமணக் குடும்பத்துப் பெண், அப்பாவுக்கு நெல் வியாபாரம். அதிகம் பேசாத பிள்ளை.

"சுடுதண்ணியில போட்டா உள்ள இருக்கற ஜல்தி இன்னா ஆவான் டீச்சர்?"

"அவன் இப்ப புழு இல்லம்மா. கூட்டுப்புழு."

"அதுக்கு சுடாதா?"

அந்த இடத்தில் டீச்சரின் குரல் நின்றுபோனது. மாடியிலிருந்த நான், என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தேன். அன்று மாலை அவரே சொன்னார்: "தெரியாத விஷயமா? படிச்சது தானே. ஆனா என் கண்ணு முன்னாடி யாரும் கேட்டதில்ல. சொன்னா அழுவுங்க. சொல்லலன்னா நான் எதுக்கு டீச்சரு?"

சொல்லிவிட்டார். "சுடும். செத்துடும். பூச்சி கூட்டுல ஓட்ட போட்டுகினு வெளிய வந்தா நூலு அறுந்துடும். அதனால வர்றதுக்கு முன்னாடியே போட்டுடுவாங்க."

சில பிள்ளைகள் அழுதன. வெற்றிச்செல்வன் அழவில்லை, பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் அவன் அப்பா குமரேசன் வந்து நின்றார். தறியிலிருந்து நேரே எழுந்து வந்த கோலம். மடித்துக் கட்டிய வேட்டியில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"இன்னா டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க? பையன் தறி கிட்டயே வர மாட்டன்றான். 'நீ ஜல்திய கொன்ன நூல நெய்யறே'ன்றான். நான் இன்னா கொலகாரனாங்க?"

டீச்சர் மன்னிப்புக் கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"நான் பொய் சொல்லலண்ணா. ஆனா பாதி தான் சொன்னேன். மீதி எனக்குத் தெரியாது. நீங்க தான் சொல்லணும். உள்ள வாங்க."

"நானா? எனக்கு இன்னா பேசத் தெரியும்?"

"தறியப் பத்தி பேசுங்க. ஜல்தி, மணி ஆவுது!"

கையைப் பிடித்து இழுக்காத குறை. குமரேசன் பிள்ளைகள் நடுவில் குந்தி உட்கார்ந்தார். எதிரில் அவர் மகன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவர் மகனை மட்டும் பார்த்துப் பேசினார்.

"நான் கொல்றதில்லடா. ஆனா அது செத்து தான் என் கைக்கு வருதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினு தான் நெய்யறேன். நம்ம வூட்டு சோறு அதுல தான். ஒரு இழ அறுந்துச்சுன்னா நான் அப்படியே வுட்டுட்டுப் போறேனா? நீ பாத்திருக்க இல்ல? தேடிப் புடிச்சி, முடிச்சி போட்டுட்டு தான் அடுத்தது. வீணா போவக் கூடாதில்லடா."

வெற்றிச்செல்வன் தலையைத் தூக்கவில்லை. ஆனால் நகர்ந்து வந்து அப்பாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டான்.

பள்ளி விட்டதும் அனுபமாவின் அம்மா கமலாவதி காத்துக்கொண்டிருந்தார். அடுத்த சண்டை என்று டீச்சர் நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"எங்க வீட்ல யாரும் பட்டு கட்றதில்லீங்க. அது எங்க வழக்கம். கட்றவங்களயோ நெய்யறவங்களயோ குத்தம் சொல்றது எங்களுக்கு வழக்கம் இல்ல. இவ கேட்டதுக்கு மூடி மறைக்காம சொன்னீங்க, அதுக்குத் தான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பிறகு, "அந்தத் தட்டுல இருக்கறத மட்டும்..." என்று இழுத்தார்.

"அத நான் முடிவு பண்ணல. வளத்தவங்க முடிவு பண்ணட்டும்" என்றார் டீச்சர்.

மறுநாள் வகுப்பில் கை தூக்கச் சொன்னார். நூலெடுத்துப் பார்க்க வேண்டும் என்று சிலர் கை தூக்கினார்கள். வேண்டாம் என்ற கைகளே அதிகம். ரங்கசாமி சார் ஜன்னலுக்கு வெளியே தவித்தார்.

"அழைப்பிதழ் அச்சடிச்சாச்சு டீச்சர்! எம்.எல்.ஏ. ஆபீஸ் வரைக்கும் குடுத்தாச்சு!"

"'புழு முதல் புடவை வரை'ன்னு தானே சார் போட்டிருக்கோம்? புழுவா பசங்க நடிப்பாங்க. புடவைய நான் கட்டிகினு வர்றேன். நடுவுல இன்னா நடக்குதுன்னு அனுபமா மைக்ல சொல்லுவா."

கூடுகளைத் துளைத்துக்கொண்டு பூச்சிகள் வந்தன. வெள்ளையாக, பருத்த உடம்போடு, சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு. பிள்ளைகள் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றுகூடப் பறக்கவில்லை.

"பறக்கலியே டீச்சர்!"

"அதுக்குப் பறக்க வராதுடா."

"அப்ப றெக்க எதுக்கு?"

"எனக்கும் தெரியல."

கொஞ்ச நாளில், தட்டில் விரித்த தாளில் முட்டைகளை இட்டுவிட்டு அவை செத்துப்போயின. எந்தப் பூச்சி ஜல்தி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. "வெளிய வந்து பாத்துட்டு செத்துச்சு இல்ல, பரவால்ல" என்று வெற்றிச்செல்வன்தான் மற்றவர்களைத் தேற்றினான். புங்கமரத்தடியில் குழி தோண்டியதும் அவனே.

ஆண்டு விழா நாளில் நானும் போயிருந்தேன். பச்சைப் போர்வைக்குள் நான்கு பையன்கள் புழுவாக ஊர்ந்தார்கள். பின்னால் இருந்தவன் போர்வையை மிதித்ததில் புழு நடுவில் அறுந்து, பந்தலே சிரித்தது. அனுபமா மைக்கைப் பிடித்தாள். மனப்பாடம் செய்த நல்ல தமிழில், "இவ்விடத்தில் கூட்டுப்புழு இறந்துவிடுகிறது. அதன் நூலை எங்கள் ஊர் நெசவாளர்கள் வீணாக்காமல் நெய்கிறார்கள்" என்றாள். நடுவரிசையில் உட்கார்ந்திருந்த குமரேசன் எழுந்து நின்று கைதட்டினார். தனியாகத் தட்டுகிறோம் என்று உணர்ந்து அவர் உட்காரப் போவதற்குள் எல்லோரும் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியாக டீச்சர் மேடையேறினார். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட ஆரணிப் பட்டு. பிள்ளைகள் விசிலடித்தார்கள். டீச்சர் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு இறங்கினார்.

விழா முடிந்து குழு போட்டோ எடுக்கும்போது நாற்காலி போட்டார்கள். டீச்சர் வழக்கம்போல் அதில் உட்காரவில்லை. மண்தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார். பக்கத்திலிருந்த அனுபமா அந்தக் கரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒற்றை விரலால் மெல்லத் தடவினாள்.

"இதுல எத்தன புழு டீச்சர்?"

"தெரியலம்மா. ஆயிரக்கணக்குல இருக்கும்."

போட்டோக்காரர் "எல்லாரும் இங்க பாருங்க" என்றார். டீச்சர் பார்க்கவில்லை. பின்னால் மண்ணில் கிடந்த முந்தானையை இழுத்து, ஒட்டியிருந்த தூசியை விரல் நுனியால் தட்டி, மடித்து, இரண்டு கைகளாலும் மடியில் வைத்துக்கொண்டார்.