நாதஸ்வரத்துக்குப் பின் மூன்று நிமிடம்

கீழ்க்கட்டளையில் மாமா கட்டிய வீட்டின் புதுமனை புகுவிழாவுக்கு நாதஸ்வர கேசட் பதிந்து வாங்கி வரும் வேலை என்னிடம் வந்தது. தொண்ணூறுகளின் முதல் பாதி. ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், சந்தையை ஒட்டிய சந்தில், ஓர் அக்கா ரெக்கார்டிங் சென்டர் நடத்திவந்தார். காலி கேசட்டும் என்ன வேண்டும் என்ற குறிப்பும் கொடுத்தால் மூன்று நாளில் பதிந்து தருவார்.

விழாவன்று காலை, அடுப்பில் பால் இருந்தது. டேப் ரெக்கார்டரில் நாதஸ்வரம் முடிந்தது. ஒரு நொடி அமைதி. பிறகு ஒரு கிடார் ஆரம்பித்தது, உடனே இன்னொன்று சேர்ந்தது, பின்னால் அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல டிரம். பாடுகிறவரின் குரல் கிடார்களுக்கு அடியில் எங்கோ இருந்தது. ஆங்கிலம் என்பது தெரிந்தது, சொற்கள் பிடிபடவில்லை.

“பால் பொங்கறதுக்குள்ள வெள்ளைக்காரன் வந்துட்டானே” என்றார் பெரியம்மா. கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், மாமாவைத் தவிர. போய் நிறுத்த வேண்டியவன் நான். கையில் வாழைப்பழத் தட்டுடன் பாட்டு முடியும்வரை நின்றிருந்தேன்.

ஆங்கிலப் பாட்டே கேட்காதவன் இல்லை. கல்லூரி விழாக்களில் மாணவர் குழுக்கள் வாசிக்கும். நடுவில் கிடார்காரர் முன்னால் வந்து ஐந்து நிமிடம் விரல் வேகம் காட்டுவார், கைதட்டுவோம். இந்தப் பாட்டில் யாரும் முன்னால் வரவில்லை. நான்கு பேர் ஒரு சிறிய அறையில் தங்களுக்குத் தெரிந்ததை வாசித்துவிட்டு, தவறியதையும் திருத்தாமல் விட்டுவிட்டது போலிருந்தது. ஓர் இடத்தில் டிரம் அரை அடி முந்தியது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அக்காவிடம் போய்ச் சண்டை போடும்படி மாமா சொல்லி அனுப்பினார். நான் போய் அது யார் பாடியது என்று கேட்டேன். அக்கா சண்டைக்குத் தயாராக இருந்தார்.

“இன்னா தம்பி பண்ணச் சொல்ற? கடைசீல மூணு நிமிசம் காலியா வுட்டா, முழு டேப்புக்கு துட்டு குடுத்தேனே, மீதி எங்கன்னு வர்றானுங்க. அதான் ரொப்பறது.”

ஏன் அந்தப் பாட்டு என்றேன். கல்லாவுக்கு அடியிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். அதில் பாட்டுகளின் பெயர் கிடையாது, நீளம் மட்டும். இரண்டு நிமிடம் நாற்பது நொடி, கிடார். மூன்று நிமிடம் ஐந்து நொடி, கிடார், கத்தல். சினிமாப் பாட்டு எல்லாம் நாலரை நிமிடம், நடுவில் அறுந்துபோகிறது. இந்த ஆட்கள் பாட்டுதான் கச்சிதமாக உட்காருகிறது என்று விளக்கினார். தாம்பரம் வட்டாரத்தில் எத்தனை பக்திப் பாடல் கேசட்டுகளின் வாலில் அந்தக் கிடார்கள் உட்கார்ந்திருந்தனவோ தெரியாது.

எல்லாமே ஒரே கேசட்டிலிருந்து வந்தவை. பொத்தேரியில் படித்த ஒரு மாணவர் நகல் எடுக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவில்லை. மேலே பெயர் எழுதவில்லை. அழியாமலிருக்க கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் தகடுகளையும் அந்த மாணவரே உடைத்திருந்தார். அந்த ஓட்டைமேல் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கேட்டு வராத கேசட்டை அக்கா ஓராண்டு வைத்திருப்பார். ஆடி மாதம் கோயில்களுக்கு அம்மன் பாட்டு பதியக் காலி கேசட் போதாது. அப்போது இவற்றை எடுப்பார். இந்தக் கேசட்டுக்கு ஓராண்டு முடிந்திருந்தது, ஆடிக்கு ஒரு மாதம் இருந்தது.

எனக்கே விற்றுவிடுங்கள் என்றேன். அக்கா மறுத்தார்.

“அடுத்தவன் பொருள். வந்து கேட்டான்னா இன்னா சொல்றது?”

அழிப்பதற்கும் விற்பதற்கும் இடையே அவர் வைத்திருந்த கோட்டைப் பற்றி நான் வாதம் செய்யவில்லை. நகல் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் ஒன்றில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிய இரண்டு டெக்கும் ஒன்றரை மணி நேரம் வேண்டும், ஆர்டர் குவிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் வரச் சொன்னார். நான் உள்ளே உட்கார்ந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்.

இருபத்தெட்டு பாட்டுகள். ஆறேழு குழுக்கள் இருக்கலாம் என்று குரல்களை வைத்துக் குறித்துக்கொண்டேன். சில கிடார்கள் சைக்கிள் மணிபோல ஒலித்தன, சில அறைக்குள் தேனீக் கூட்டம்போல. ஒரு குழுவில் பெண் டிரம் வாசிக்கிறாள் என்று தோன்றியது. காரணம் சொல்லத் தெரியாது. நான்காவது பாட்டில் மின்அழுத்தம் குறைந்து டெக் சற்றே இழுத்தது. அந்த இழுவை என் நகலில் பதிந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் நான்கு நிமிடம் காலி. நான் அப்படியே ஓடவிட்டேன். சாப்பிட்டுத் திரும்பிய அக்கா டேப் வெறுமனே ஓடுவதைப் பார்த்தார். மூலக் கேசட்டை எடுத்துவிட்டு, மீதி டேப்பை ரொப்ப நாதஸ்வரத்தைப் போட்டார்.

அந்த நகலை வீட்டில் தினமும் கேட்டேன். அலுவலகத்தில் ஆங்கிலச் சஞ்சிகைகளைப் புரட்டித் தேடியும் பெயர்கள் கிடைக்கவில்லை. அதில் இருந்தவை அன்றைய பாட்டுகள் அல்ல என்பது மட்டும் விளங்கியது.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு முந்தின நாள் ஒரு கோயில் குழுவினர் அவசரமாக வந்து நின்றார்களாம். கடையில் காலி கேசட் தீர்ந்திருந்தது. மறுவாரம் அந்த வழியாகப் போனபோது அக்கா என்னை நேராகப் பார்க்காமல் சொன்னார்: “நீதான் காப்பி எடுத்துக்கினியே.”

ஐப்பசி மழையில் ஒருநாள், ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்த என்னை அவர் கல்லாவிலிருந்தே கூப்பிட்டார். குரல் வழக்கம்போல இல்லை. கடைக்குள் ஈரக் குடையுடன் என் வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். கேசட்டின் சொந்தக்காரர். படிப்பு முடித்ததுமே வடக்கே வேலை கிடைத்துப் போய்விட்டவர், முதல் விடுமுறையில் வந்திருந்தார். அதன்மேல் அம்மன் பாட்டு பதிந்துவிட்ட உண்மையை அக்கா அவரிடம் சொல்லிவிட்டிருந்தார். அது வெளிநாட்டிலிருக்கும் அவருடைய அண்ணன் தன் இசைத்தட்டுகளிலிருந்து பொறுக்கிப் பதிந்து அனுப்பியது என்றும், அந்தத் தட்டுகளை அண்ணன் பிறகு விற்றுவிட்டார் என்றும் அவர் என்னிடம் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அக்கா அதைக் கேட்டுக்கொண்டு கல்லாவை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அன்று நான் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன். வீட்டுக்குத் திரும்பி நகலை எடுத்துவந்தேன், அக்கா அதை டெக்கில் போட்டார். முதல் பாட்டு தொடங்கியதும் அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். கேசட்டுடன் அண்ணன் அனுப்பியது. இருபத்தெட்டு வரிகள்: குழு, பாட்டு, ஊர். பெரும்பாலானவை பத்தாண்டு பழையவை, பாதிக்குமேல் கலைந்துபோனவை. ஆறேழு குழுக்கள் என்று நான் எண்ணியது தவறு, பதினொன்று. டிரம் வாசித்த பெண் விஷயம் சரி. என் கேசட் பெட்டிக்குள் இருந்த அட்டையில் அவரே வரிசையாக எழுதித் தந்தார். நான் எழுதும் இதில் யார் பெயரும் இல்லை என்பதால் அந்தப் பெயர்களையும் இங்கே எழுதவில்லை. அந்தக் குழுக்கள் வெளியிட்ட மற்றவற்றையெல்லாம் பிற்பாடு ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்டது அந்த அட்டையை வைத்துத்தான். நான்காவது பாட்டை இழுவை இல்லாமல் கேட்டபோது ஏதோ குறைந்தது.

அக்கா கடையில் மற்ற ஆர்டரை நிறுத்திவைத்து அவருக்கு நகல் எடுத்தார். கடைசியில் நாதஸ்வரம் வந்ததும் டெக்கை நிறுத்தக் கை நீட்டினார்.

“இருக்கட்டும்க்கா, அதுவும் வரட்டும்” என்றார் அவர்.

பதிந்து முடிந்ததும் அக்கா ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து, எங்கள் இருவர் கேசட்டுகளின் தகடுகளையும் தானே உடைத்தார். நான்கு துண்டுகளையும் கையால் கூட்டிக் குப்பையில் போட்டார். செலோடேப் சுருள் கல்லாமேல்தான் இருந்தது. அதை எடுத்து அடியில் வைத்துவிட்டு, கேசட்டுகளை எங்களிடம் நீட்டினார்.